மனவடுவுக்குப் பிறகு எந்த வழி: மாத்திரையா, பேச்சா, கோயிலா, காத்திருப்பா?

ஒரே வேனில்தான் போயிருந்தோம், நானும் அக்காவும். திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்து விழுப்புரம் திரும்பும்போது, கண்டாச்சிபுரம் தாண்டியதும் எதிரே வந்த டிப்பர் லாரி வேனின் வலது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்த மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அங்கேயே போய்விட்டார். அக்காவுக்கு இடது கை முறிந்தது. எனக்கு நெற்றியில் ஏழு தையல்.

அதே ரோடு, அதே நொடி, அதே சத்தம். ஆனாலும் அடுத்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிடித்த வழிகள் வேறு வேறு. அக்கா சடங்கு, கோயில், தெருப் பெண்கள், மகளிர் குழு என்று போனாள். நான் முதலில் தூக்க மாத்திரை, அப்புறம் புதுச்சேரியில் பேச்சால் சிகிச்சை தரும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போனேன். தெரிந்தவர்கள் வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் இப்போதும் போன் வருகிறது: "உங்க ரெண்டு பேருக்கும் எது சரியா இருந்துச்சு, சொல்லேன்."

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். பக்கத்து சீட்டில் இருந்து பிழைத்து வீட்டுக்கு வந்தவர்கள் உள்ளுக்குள் என்ன ஆனார்கள் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அவர்களுக்காகவும் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மனவடு என்ற சொல்லை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் போர்க்காலத்திலேயே புழங்கினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். 'அதிர்ச்சி' என்றால் ஒரு நொடியில் முடிந்துபோகிற விஷயம்போலத் தொனிக்கிறது. வடு அப்படி இல்லை. காயம் ஆறிய பிறகும் தொட்டுப் பார்த்தால் அங்கே இருக்கும்.

முதலில் நாளை எண்ணுங்கள்

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். முதல் நான்கு வாரத்தில் தூக்கம் வராமல் புரள்வது, கண்ணை மூடினால் அதே காட்சி ஓடுவது, கதவு அடித்தால் தூக்கிவாரிப் போடுவது, சோறு இறங்காதது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, இல்லாவிட்டால் எதுவுமே உறைக்காமல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது, இவற்றில் எதுவும் நோய் இல்லை. அடிபட்ட கால் வீங்குகிற மாதிரிதான். டாக்டர்களும் ஒரு மாதம் தாண்டிய பிறகே பி.டி.எஸ்.டி., அதாவது ஆறாமல் தங்கிவிட்ட மனவடு நோய், என்ற பேச்சை எடுக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகத்தில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனவடு தரக்கூடிய நிகழ்வைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வரை போகிறவர்கள் 5.6 சதவீதம்தான். போரில் அகப்பட்டவர்களிடமும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் இது பல மடங்கு கூடுகிறது. மற்றபடி பெரும்பாலானவர்கள் வாரங்கள் போகப் போகத் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆகவே காத்திருப்பதும் முறையான ஒரு வழிதான். முதல் மாதத்தில் பலருக்கு அதுவே போதும்.

காத்திருப்பது என்றால் தனியே விட்டுவிடுவது என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவின் தெருவில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். எதிர்வீட்டு ஆயா பத்து நாள் அக்கா பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தார். ஒருவர் மாற்றி ஒருவர் கஞ்சியோ ரசம் சாதமோ கொண்டுவந்து வைத்தார்கள். பெண்ணை ஸ்கூலில் கொண்டுபோய் விட ஒரு ஆள். சித்தப்பா எஃப்.ஐ.ஆர். நகல், இன்சூரன்ஸ், வாரிசுச் சான்று என்று தாலுகா ஆபீஸுக்கு நடந்தார். யாரும் அவளிடம் 'எப்படி நடந்தது' என்று கேட்கவில்லை. அவளாகப் பேசியபோது கேட்டுக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார், அவர்கள் பேசினால் கேள், உதவி கிடைக்கிற இடத்தோடு இணைத்துவிடு. பாய் விரித்துப் படுத்த அந்த ஆயா எந்தக் கையேடும் படித்தவர் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒன்றும் எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாவது வாரம், ஒரு உறவினர் தனக்குத் தெரிந்த மனநல கவுன்சிலர் என்று ஒருவரை அழைத்து வந்தார். கூடத்தில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, 'மனசுல இருக்கறத எல்லாம் இன்னைக்கே கொட்டிடுங்க' என்றார் அவர். ஒவ்வொருவரும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது கண்ணாடி உடைந்த சத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை.

நல்ல எண்ணத்தில்தான் அழைத்து வந்தார்கள், தெரியும். ஆனால் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைக்கிற இந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1997இல் வெளியானது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது. எதுவும் செய்யாமல் விட்டவர்களில் 9 சதவீதம். அதற்குப் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் இதனால் பலன் இல்லை என்றே சொன்னார்கள். ஆகவே முதல் மாதத்தில் யாராவது 'கொட்டிவிடு' என்று உட்கார வைத்தால் எழுந்து போய்விடுங்கள். அக்கா செய்தது சரி.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் நாள் கணக்கு எதுவும் பார்க்காதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு 14416க்கு அடியுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

ஒரு மாதம் தாண்டியும் இறங்கவில்லை என்றால்

எனக்கு இறங்கவில்லை. அக்காவுக்கு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் குறைந்தது, எனக்குக் கூடியது. ஸ்கூலுக்கு பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு நான்கு கிலோமீட்டர் நடந்தேன். டீசல் வாடை வந்தால் வயிற்றைப் பிரட்டியது. ஏர் ஹாரன் கேட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால், கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிடுவேன். ஆளைத் தவிர்ப்பது, இடத்தைத் தவிர்ப்பது, பேச்சைத் தவிர்ப்பது என்று உங்கள் உலகம் வாரா வாரம் சுருங்கிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் காத்திருந்தது போதும்.

நான் முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. நான்கு நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆல்பிரசோலம். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. முதல் வாரம் அது அமிர்தம்போல இருந்தது. இரண்டாவது மாதம் ஒன்று போதாமல் இரண்டானது. பகலில் தலை மந்தம். மாத்திரை தீர்ந்த அன்றைக்கு லாரி முன்னைவிடப் பெரிதாகக் கனவில் வந்தது.

மாத்திரை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆல்பிரசோலம், டயஸிபாம், குளோனாசிபாம் ஒரு வகை. இவை அந்த ராத்திரியைக் கடத்திவிடும், மனவடுவை ஒன்றும் செய்யாது. பழகியும் போகும். மனவடு ஏற்பட்ட முதல் மாதத்தில் இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு வகை செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பவைதான், பி.டி.எஸ்.டி.க்கும் கொடுக்கிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் புரட்டலாம், சிலருக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும், மாதம் ஒருமுறை போனால் போதும், நடந்ததை யாரிடமும் விவரிக்க வேண்டாம். படுக்கையை விட்டு எழ முடியாத அளவு சோர்வு, பேச்சு சிகிச்சைக்குப் போக வழியில்லாத ஊர், பேசினால் தாங்க மாட்டோம் என்ற நிலை, இப்படி இருப்பவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆனால் நிறுத்திய பிறகு பழையபடி திரும்புவது இதில் அதிகம். அதனால்தான், இரண்டும் கைக்கெட்டும் என்றால் பேச்சு சிகிச்சையை முன்னால் வைக்கிறார்கள்.

பேச்சு சிகிச்சை என்றால் வெறும் ஆறுதல் இல்லை

நானும் ஆறுதல்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு புதுச்சேரி சைக்காலஜிஸ்டிடம் போனேன். ஒரு அம்மா எதிரே உட்கார்ந்து, பாவம் என்று தலையாட்டுவார் என்று. போன முதல் நாளே அவர் கேட்டது, "எந்தெந்த இடத்துக்கெல்லாம் போகாம இருக்கீங்க, ஒரு லிஸ்ட் போடலாமா?"

என் நோட்டில் ஒரு ஏணி வரைந்தோம். அடிப்படி: பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் சும்மா நிற்பது. அடுத்து, நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்கிவிடுவது. பிறகு இரண்டு ஸ்டாப்பிங் பயணம். பிறகு முன் சீட்டு. பிறகு திருவண்ணாமலை ரோடு. கடைசிப் படி கண்டாச்சிபுரம். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். பயம் உச்சியில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால் அது இன்னும் கெட்டியாகிவிடும் என்றார்.

இதோடு இன்னொரு வேலை. கண்ணை மூடிக்கொண்டு, நடந்தது இப்போது நடப்பதுபோல, முதல் நொடியிலிருந்து சொல்ல வேண்டும். அவர் அதை என் போனிலேயே பதிவு செய்து கொடுத்தார். தினமும் ஒருமுறை கேட்க வேண்டும். முதல் வாரம் என் குரலையே என்னால் தாங்க முடியவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு அழுவேன். மூன்றாவது, நான்காவது வாரம் நிலைமை முன்னைவிட மோசமாக இருந்தது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடத் தோன்றும், பலர் விட்டும் விடுகிறார்கள். ஏழாவது வாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு இடத்தில் கொட்டாவி வந்தது. நானே அதிர்ந்துபோனேன். அவரிடம் சொன்னபோது சிரித்தார், "அதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்" என்றார்.

இந்த முறையை வகுத்தவர் அமெரிக்காவின் எட்னா ஃபோவா. சாதாரணமாக 8 முதல் 15 அமர்வு. பயமும் தவிர்ப்பும்தான் பெரிய தொல்லை என்பவர்களுக்கு இது பொருந்தும்.

குற்ற உணர்ச்சி பெரிய தொல்லை என்றால் வேறொன்று இருக்கிறது. பட்ரீஷியா ரெசிக் உருவாக்கியது, 12 அமர்வு. அதில் காட்சியைவிட, அந்தக் காட்சியைச் சுற்றி நாம் கட்டி வைத்திருக்கிற வாக்கியங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். என் வாக்கியம்: 'அந்த வேனை புக் பண்ணினது நான்தான்.' அவர் அதை மறுக்கவில்லை. "ஆமாம், நீங்கதான் பண்ணீங்க. லாரி டிரைவர் தூங்கப்போறது அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் எல்லோரும் 'உன் மேல தப்பில்ல' என்று நூறு தடவை சொல்லியிருந்தார்கள். அது காதில் ஏறவே இல்லை. இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று நானே வாயைத் திறந்து பதில் சொன்னபோது உள்ளே ஏதோ தளர்ந்தது.

இ.எம்.டி.ஆர். என்று ஒன்றைப் பலர் கேட்கிறார்கள். ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் கண்டுகொண்டது. நினைவை மனதில் நிறுத்தியபடியே, சிகிச்சையாளரின் விரலோடு கண்ணை இடமும் வலமும் ஓட்டுவார்கள். கண்ணை அசைப்பதுதான் குணமாக்குகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் சண்டை இருக்கிறது. பலன் என்று பார்த்தால் மற்றப் பேச்சு சிகிச்சைகளுக்கு நிகராகவே வருகிறது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பது. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு, அதிலும் தெரிந்த ஊரில், அது சின்ன விஷயமில்லை.

ஒரு விபத்து என்றில்லாமல், வருடக் கணக்கில் அடியும் இழப்பும் இடப்பெயர்வுமாக வாழ்ந்தவர்களுக்கு எந்த நினைவிலிருந்து தொடங்குவது? அதற்காக ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையை உருவாக்கினார்கள். தரையில் ஒரு கயிறு. அது வாழ்க்கை. கெட்டது நடந்த இடங்களில் கல், நல்லது நடந்த இடங்களில் பூ. பிறகு பிறந்ததிலிருந்து வரிசையாகக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவது. கல்லுக்கு நடுவே பூவும் வைக்கச் சொல்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த முறையைத் தமிழ்ப் பிள்ளைகளிடமே சோதித்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு மூன்று வாரம் கழித்து, இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாம். 8 முதல் 14 வயது வரை 31 பிள்ளைகள். போரையும் பார்த்தவர்கள், கடலையும் பார்த்தவர்கள். பாதிப் பேருக்குக் கதை சொல்லும் முறை, மீதிப் பேருக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டிலும் ஆறு அமர்வு, நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கதை சொன்னவர்களில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், தியானம் செய்தவர்களில் 71 சதவீதம். இத்தனை சிறிய கூட்டத்தில் இந்த வித்தியாசத்தை வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. எதுவுமே செய்யாமல் விட்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை, ஆகவே எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்கள் என்றும் தெரியாது. ஆனாலும் இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நடந்ததைப் பேசிப் பேசி ஆற்றுவதும், பேசாமல் உடம்பை அமைதிப்படுத்தி ஆற்றுவதும், இரண்டுமே அந்தப் பிள்ளைகளை ஏறக்குறைய ஒரே கரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. வீட்டில் அக்காவையும் என்னையும் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

எழுதுவது பற்றியும் கேட்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் மாணவர்களை, மனதைக் காயப்படுத்திய நிகழ்வைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொல்லிப் பார்த்தார். பலன் உண்டு, ஆனால் சிறியது. காசு செலவில்லை. மாதங்கள் போன பிறகு, மீதமிருக்கிற கசட்டை எடுக்க நல்லது. எழுத எழுத இன்னும் இழுத்துக்கொண்டு போனால் நோட்டை மூடிவிடுங்கள்.

அக்காவின் வழி

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு ஆயிரக்கணக்கில் வருவார்கள். மூன்றாவது மாதம் எதிர்வீட்டு ஆயா அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். வீட்டில் அக்கா அழுதால் பெண் பயந்துவிடுவாள் என்று அதுவரை அடக்கியே வைத்திருந்தாள். அங்கே உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில், தலைவிரி கோலமாக ஆடுகிற பெண்களுக்கு நடுவில், அக்கா வாய்விட்டுக் கதறினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். விடியற்காலை கோயில் வாசலில் படுத்து அக்கா நான்கு மணி நேரம் தூங்கினாள். மருந்தில்லாமல் அவள் அப்படித் தூங்கியது மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. மனவடு யாருக்குத் தங்கிவிடுகிறது என்று ஆராய்ந்தவர்கள், தாங்கிப்பிடிக்க மனிதர்கள் இல்லாததைத்தான் பெரிய காரணங்களில் ஒன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கோயில் அந்த மனிதர்களைக் கொடுத்தது.

ஆனால் சடங்கு என்றாலே ஆற்றும் என்று நம்பிவிடாதீர்கள். கருமாதியன்று அக்காவுக்குப் பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லோர் முன்னாலும் அதை உடைத்து, பொட்டை அழித்தார்கள். முறிந்த கையில் கட்டு இருந்ததால் வலது கை வளையல்களை மட்டும் உடைத்தார்கள். "லாரி மோதினதுகூட எனக்கு அவ்வளவு ஞாபகம் இல்லடி, அந்த வளையல் சத்தம்தான் இருக்கு" என்று இன்றைக்கும் சொல்வாள். ஆற்ற வேண்டிய சடங்கே இன்னொரு மனவடுவைப் போட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால், வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆளாவது அங்கே நில்லுங்கள். அன்றைக்கு நான் நிற்கவில்லை.

மந்திரிப்பவரோ சாமியாடியோ 'மாத்திரையை நிறுத்து' என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், தர்காவில் வேண்டினால் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்டு, காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதை மறந்துவிடக் கூடாது. வேண்டுதலும் வைத்தியமும் சேர்ந்து போகலாம். ஒன்று மற்றதைத் தடுத்தால்தான் ஆபத்து.

அக்காவை நிமிர்த்தியதில் பெரிய பங்கு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு. வாரம் ஒரு கூட்டம், சேமிப்புப் பணம் எண்ணுவது, தீர்மான நோட்டு எழுதுவது. கை எழும்பாத நாளிலும் அந்த நோட்டை எழுதித்தான் ஆக வேண்டும். யாரும் அவளைத் துக்கக்காரியாக நடத்தவில்லை, கணக்கு சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

ஆண்கள் பலர் பிடிக்கும் வழி டாஸ்மாக். மாமாவின் தம்பி அதைத்தான் பிடித்தார். தூக்கம் வரும் என்று ஆரம்பித்தது. குடித்து வருவது தூக்கமும் இல்லை, நடு ராத்திரியில் கலைந்து கனவை இன்னும் கூட்டும். அவரைத் திட்டியதைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை. அவரும் அண்ணனைப் பறிகொடுத்தவர் என்பது எங்களுக்கு உறைக்கவே இரண்டு வருடம் ஆனது.

சரி, எதைத்தான் எடுப்பது?

எது உடைந்திருக்கிறது என்று கேளுங்கள். எனக்குச் சிகிச்சை ரோட்டைத் திருப்பிக் கொடுத்தது. 12 சனிக்கிழமை, புதுச்சேரி பஸ், ஒவ்வொரு முறையும் 800 ரூபாய். முடிந்தபோது பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை, சாயங்காலங்கள் காலியாகவே இருந்தன. அக்காவுக்கு நேர்மாறு. அவள் வீட்டுத் திண்ணை நிறைய ஆட்கள். ஆனால் அவளால் வேனில் ஏற முடியவில்லை. பெண்ணின் ஸ்கூல் டூர் வேனைப் பார்த்தே வியர்த்துப்போய்த் திரும்பி வந்தாள். பயத்தைக் கரைக்கிற வேலையைக் கூட்டம் செய்வதில்லை. தனிமையைப் போக்குகிற வேலையை ஏணி செய்வதில்லை.

காசு இல்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் சைக்யாட்ரிஸ்டைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். தனியாரிடம் போனால், கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவெண் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும். 'மனவடுவுக்கு என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள், எத்தனை அமர்வு?' என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வளர்ச்சி என்ற எதிர்பார்ப்பு

'இதுலேர்ந்து நீ என்ன கத்துக்கிட்ட?' இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்காத ஆள் இல்லை. இதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியும் இருக்கிறது. ரிச்சர்ட் டெடஸ்கி, லாரன்ஸ் கல்ஹவுன் என்ற இரண்டு பேர், மனவடுவுக்குப் பிந்தைய வளர்ச்சியை அளக்க 1996இல் 21 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். என்னால் முடியும் என்ற பலம், புதிய வழிகள், உறவுகளில் நெருக்கம், வாழ்வின் அருமை, ஆன்மிக மாற்றம் என்று ஐந்து பகுதி. வளர்ச்சியும் வேதனையும் கூடவே இருக்கும் என்பதை அவர்களே அழுத்திச் சொன்னார்கள். ஊரில் அந்தப் பாதியை மட்டும் விட்டுவிடுகிறோம். 2009இல் வெளியான ஒரு ஆய்வில், நிகழ்வுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, வளர்ந்துவிட்டேன் என்று சொன்னதற்கும் உண்மையில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் பெரிய தொடர்பே இல்லை. சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பதால் சொல்வதும் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் பரமேஸ்வரனும் சூடாமணியும் சுனாமியில் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். பிறகு, பெற்றோரை இழந்த குழந்தைகளை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கத் தொடங்கினார்கள். நம்பிக்கை என்று அந்த இல்லத்துக்குப் பெயர். நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதே கரையில், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு எதையும் தொடங்காமல், வலையைப் பின்னி, சோறு பொங்கி, ஒவ்வொரு நாளாகக் கடத்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எதிலும் குறைந்துவிடவில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் வளர்ச்சியை ஒரு வழியாக நான் வைக்கவில்லை. தூக்கம், சோறு, வேலை, மனிதர்கள், தவிர்த்த ரோடு, இவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். வளர்ச்சி வந்தால் வரட்டும்.

குழுக் கூட்டத்தில் ஒரு அதிகாரி அக்காவைக் காட்டி, இவங்க கஷ்டமே இவங்களை உயர்த்திடுச்சு என்று பேசினார். வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "அவர் இருந்திருந்தா நான் இந்த நோட்டைத் தொட்டிருக்கவே மாட்டேன், நெசந்தான். அதுக்காக அவர் போனது நல்லதுன்னு ஆயிடுமாடி?"

இப்போது ஏணி வரைந்த என் பழைய நோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறேன். புதுச்சேரி சைக்காலஜிஸ்டையும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டாள். அவளுக்கென்று ஒரு ஏணி போட்டிருக்கிறோம். ஷேர் ஆட்டோ முடிந்தது, நிற்கிற வேனில் பத்து நிமிடம் உட்கார்வது முடிந்தது, ஊருக்குள்ளேயே ஒரு சுற்று முடிந்தது. அமாவாசைக்கு அவளோடு நான் மேல்மலையனூர் போகிறேன். கண்டாச்சிபுரம் படி இன்னும் பாக்கி. ஆனி பௌர்ணமிக்குப் பார்க்கலாம் என்கிறாள்.